நீதிபதி ஒளிந்த அலமாரி

ஒரு கால் ஆடும் நாற்காலியை, நாலு காலும் ஒழுங்காக நிற்கும் நாற்காலியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கத் தெரிந்தவர் அந்தக் கடைத்தெருவிலேயே சரடு ஒருவர்தான்.

“ஆடுதேன்னு பார்க்கறீங்க, இல்ல? கப்பல்ல காலம் பூரா வேலை பார்த்து ஓய்வு வாங்கின ஒருத்தரோட நாற்காலிங்க இது. தரையில உட்கார்ந்தா அந்த மனுஷனுக்குத் தலை சுத்துமாம். தச்சரைக் கூப்பிட்டு, ‘இந்த ஒரு காலை மட்டும் கொஞ்சம் சீவி விடுப்பா, அலை மேல உட்கார்ந்த மாதிரி இருக்கட்டும்’னு சொல்லிச் சீவ வச்சது. நீங்க அட்டையை மடிச்சு அடியில வச்சீங்கன்னா, அவரோட கடலையே நிறுத்திட்ட பாவம் வந்து சேரும்.”

வாங்க வந்தவர் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிப் பார்ப்பார். கண் லேசாகக் கலங்கும். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, நாற்காலியைக் குழந்தையைப் போல் இடுப்பில் ஏந்திக்கொண்டு போவார்.

சரடு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. சரடு விடுவதில் அவருக்கிருந்த கைராசியைப் பார்த்துத் தெரு வைத்த பெயர். சொந்தப் பெயர் வரி ரசீதில் மட்டும் உயிரோடிருந்தது. மனைவியின் தம்பியே அவரைச் ‘சரடு மாமா’ என்றுதான் கூப்பிடுவான்.

கடை, பழைய மரச்சாமான் கடை. ஒரு காலத்தில் முகப்பு நல்ல அகலம். பிறகு சரடின் மனைவி கணக்குப் போட்டுப் பார்த்து, முகப்பில் பாதியைச் சுவர் வைத்து அடைத்து, கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டாள். அதனால் இப்போது கடைக்கு ஒல்லியான கழுத்தும் பெருத்த வயிறும். கழுத்தில் ஒரு முக்காலி. அதில் சரடு உட்கார்ந்து வாயை நடத்துவார். வயிற்றில் கல்லாமேசை, அதில் மனைவி உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் நடத்துவாள். தூக்குவது, துடைப்பது, வண்டியில் ஏற்றுவது மைத்துனன் வேலை. அவனுக்கு அந்த முக்காலியின் மேல் வெகுநாளாக ஒரு கண்.

கடையின் கோடியில், கூரையை முட்டிக்கொண்டு ஓர் அலமாரி நின்றது. இரண்டு கதவு, பித்தளைப் பூட்டு, உள்ளே ஓர் ஆள் ஸ்டூல் போட்டு உட்காரும் அளவு இடம். அதை யாரும் வாங்கியதில்லை. வாங்க வேண்டும் என்று சரடும் எதிர்பார்த்ததில்லை. அலமாரியைப் பார்க்க ஆள் உள்ளே வரவேண்டும், வருகிற வழியில் மேசை தட்டுப்படும், கட்டில் தட்டுப்படும், கண்ணாடி தட்டுப்படும். அதற்காகவே அவர் ஒரு மந்தமான மத்தியானத்தில், கொட்டாவி விட்டுக்கொண்டே, அந்த அலமாரிக்கு ஒரு நீதிபதியைப் பெற்றெடுத்தார்.

“நேர்மைன்னா அப்படி ஒரு நேர்மைங்க. விடிஞ்சா போதும், சிபாரிசுக்கு உறவுக்காரங்க வந்து கூடத்துல நிறைஞ்சிடுவாங்க. ஒன்றுவிட்டவன், ரெண்டு விட்டவன், விட்டா போதும்னு விட்டவன், எல்லாரும் வந்துடுவாங்க. இல்லைன்னு சொன்னா பகை, சரின்னு சொன்னா பாவம். என்ன செய்வாரு? இந்த அலமாரிக்குள்ள போய் உட்கார்ந்துக்குவாரு. சாவித் துவாரத்துல வர்ற வெளிச்சத்துல வழக்குக்கட்டு படிப்பாரு. உறவுக்காரங்க கொட்டாவி விட்டுட்டுக் கிளம்பினதும் வெளிய வந்து நீதிமன்றம் போவாரு.”

அந்த நீதிபதியின் தயவில் எத்தனையோ கட்டில் விற்றது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டவர் ஒரு வாடிக்கையாளர். பெஞ்சு வாங்கிக்கொண்டு போகும்போது திரும்பி நின்று, “இதையெல்லாம் நீங்க எழுதணும் சார். உங்களுக்குள்ள ஒரு எழுத்தாளர் இருக்காரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னவருக்கு என்ன, பெஞ்சோடு போய்விட்டார். சரடுக்குள் இருந்த எழுத்தாளர்தான் அன்றைக்கே எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தார்.

பக்கத்துத் தெருவில், நகலெடுக்கும் கடைக்கு மேல்மாடியில், ஞாயிறு மத்தியானங்களில் எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. நடத்தியவரை எல்லோரும் பயிற்சியாளர் என்றே அழைத்தார்கள். எலும்புச் சட்டகம் போட்ட கண்ணாடி, கழுத்தில் சால்வை, பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம். மௌனம் முடியும்போது ஒரு விதி வரும். அடைமொழி கூடாது. மழையில் தொடங்கக் கூடாது. கனவு கூடாது. ஆச்சரியக்குறி அறவே கூடாது. கண்ணால் காணாததை எழுதவே கூடாது. அமைதியில்லாத இடத்தில் பேனாவைத் தொடக்கூடாது. உத்வேகத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஆனால் நாம் காத்திருப்பது அதற்குத் தெரியக்கூடாது.

“சார் என்னென்ன எழுதியிருக்கீங்க?” என்று முதல் வகுப்பில் சரடு விசாரித்தார். சரக்கு வாங்குமுன் கிடங்கைப் பார்ப்பது பிறவிப் பழக்கம்.

“விதிகளை” என்றார் பயிற்சியாளர். “இரண்டாம் பதிப்பு கீழே கிடைக்கும்.”

சரடு கீழே போய் வாங்கினார். இங்கேதான் வியாபாரிக்கே உரிய அந்தத் தப்பு நடந்தது. வேறு யாராவது என்றால், வகுப்பில் கேட்டதை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கியிருப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய சாமானை ஓரமாகப் போட்டு வைக்கும் வழக்கம் சரடின் பரம்பரையில் கிடையாது. வாங்கியாயிற்று, முழுசாக உபயோகித்துவிட வேண்டும். விதித்தாளைக் கிழித்து அலமாரிக் கதவில் ஒட்டினார். எழுதும்போது மட்டுமில்லை, கடையிலும் அப்படியே கடைப்பிடித்தார்.

புதிதாகக் கல்யாணமான இருவர் வந்தார்கள். பெண் ஒரு மேசையைத் தடவிப் பார்த்தாள்.

“இது என்னங்க?”

“மேசை.”

“யார் வச்சிருந்தது?”

“நான் பார்க்கலை.”

பையன் சிரித்தான். “உறுதியா இருக்குமா?”

“அது அடைமொழிங்க. நான் சொல்லக்கூடாது. நீங்களே உட்கார்ந்து உணர்ந்துக்கணும்.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பின்வாங்கி, தெருவில் இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

சில வாரங்களில் கடை துடைத்துவிட்ட மாதிரி ஆனது. சாமான் விற்றுத் துடைத்தது அல்ல. ஆள் வராமல் துடைத்தது. அலமாரிக்கு எதிரே ஒரு மேசை போட்டு, சரடு எழுத உட்கார்ந்தார். ‘கப்பல்காரர் ஆடும் நாற்காலியில் ஆசையோடு உட்கார்ந்தார்’ என்று எழுதினார். ‘ஆசையோடு’ விதிப்படி போனது. ‘ஆடும்’ போனது. கப்பல்காரரைக் கண்ணால் பார்த்ததில்லை, அவரும் போனார். ‘நாற்காலியில் உட்கார்ந்தார்’ என்று மிஞ்சியது. உட்கார்ந்தால் நாற்காலியில்தானே என்று தோன்ற, நாற்காலியையும் எடுத்தார். ஆளும் இல்லாமல் நாற்காலியும் இல்லாமல் யார், எங்கே உட்கார்வது? அதையும் அடித்தார்.

அடுத்த ஞாயிறு அந்த வெற்றுத்தாளைப் பயிற்சியாளரிடம் நீட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார். சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சாதிச்சிட்டீங்க. இந்த வெறுமை பேசுது.”

வகுப்பு கைதட்டியது. சரடும் தலையாட்டினார். ஆனால் படியிறங்கும்போது நெஞ்சுக்குள் என்னவோ உறுத்தியது. பெட்டியைத் தூக்கிய மாத்திரத்தில் உள்ளே சாமான் இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும் கை அவருடையது. இது காலிப் பெட்டி என்று அந்தக் கை சொன்னது.

வீட்டில் இன்னொரு கை காத்திருந்தது, இடுப்பில். மைத்துனனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மனைவி ஆரம்பித்தாள்.

“என்னங்க, உங்களுக்கு வாயும் வேணாம், எழுத்தும் வரலை. ரெண்டையும் மூடி வச்சா கடையை யார் திறக்கறது? வகுப்பு முடியறப்போ எல்லாரும் குடும்பத்தோட வந்து உட்கார, கதை வாசிக்கணுமாமே. அன்னைக்கு எந்திரிச்சு ஒரு கதை வாசிங்க. உண்மையான கதை, வெள்ளைத்தாள் இல்ல. வாசிச்சா, எழுத்தும் உங்களது, முக்காலியும் உங்களது. வாசிக்கலைன்னா, எழுத்தை மூட்டை கட்டுங்க. முக்காலியில என் தம்பி உட்காருவான்.”

“அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா” என்றான் மைத்துனன், முக்காலியை மனசுக்குள் துடைத்தபடி. அவன் விற்கிற அழகு தெருவுக்கே தெரியும். “கட்டில் இருக்கு, வேணுமா வேணாமா?” என்று கேட்பான்.

சரடு ஒப்புக்கொண்டார். அதன்பின் மேசை, தாள், அமைதி, காத்திருப்பு. உத்வேகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசிப்பு ஞாயிறு நெருங்கிக்கொண்டே வந்தது.

அது வருவதற்கு முந்தின வியாழக்கிழமை, நல்ல பகல் நேரத்தில், ஒரு பெண்மணி கடைக்குள் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, தோளில் பெரிய பை, வியாபாரம் பழகிய கண். நேராகக் கோடிக்குப் போய் அலமாரியின் முன் நின்றார். கதவைத் திறந்து உள்ளே முகர்ந்தார். கண்ணை மூடினார்.

“அப்பா வாசனை இன்னும் இருக்கு.”

போன வாரம் தாம் போட்ட பூச்சி உருண்டையின் வாசனை என்று சரடுக்குத் தெரியும். “யாருங்க?” என்றார்.

“நீதிபதியோட மக. எங்கப்பா ஒளிஞ்ச அலமாரி இங்க இருக்குன்னு சொன்னாங்க. எங்க எங்க தேடினேன் தெரியுமா அண்ணே?”

சரடின் முகத்தில் ஈயாடவில்லை. தாம் கொட்டாவியோடு பெற்ற நீதிபதிக்குத் தம் வயதை எட்டிப் பிடிக்கிற ஒரு மகள்! அப்படி ஒரு நீதிபதியே இல்லை என்று சொல்வதுதான் விதி, கதவிலேயே ஒட்டியிருந்தது. சொல்ல வாயைத் திறந்தார். கல்லாமேசையிலிருந்து மனைவி ஓர் இருமல் இருமினாள். வாய் மூடிக்கொண்டது. அதற்குள் அந்தப் பெண்மணி கீழே குனிந்து அடிப்பலகையைத் தட்டினார்.

“பாருங்க, உப்பியிருக்கு. ஒரு நாள் பேய் மழை. அப்பா நனைஞ்ச வழக்குக்கட்டோட அப்படியே உள்ள போய் உட்கார்ந்துட்டாரு. அன்னைக்கு ஊறின பலகைதான். இதுக்கு என்ன பெரிய விலை கிடைக்கப் போகுது? எனக்கு இது அப்பா ஞாபகம், அவ்வளவுதான்.”

அட! விலையைக் கீழே இழுக்கிறார். அதுவும் சரடின் சொந்த நீதிபதியை வைத்தே இழுக்கிறார். சரடுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை சுறுசுறுவென்று ஏறியது.

“மழைதான் தங்கச்சி, இல்லைன்னு சொல்லலை. ஆனா அது மழை ஈரம் இல்ல. அன்னைக்கு உங்கப்பா ஒருத்தனுக்குத் தண்டனை எழுதிட்டு வந்தாரு. சட்டப்படி சரி, மனசுக்குத் தாங்கலை. உள்ள உட்கார்ந்து அழுதாரு. நீதிபதி கண்ணீர் விழுந்த பலகை! இதுக்கு விலை போடறதே பாவம்.”

“அப்பா அழுது நாங்க யாரும் பார்த்ததில்லை.”

“பார்க்கக்கூடாதுன்னுதானே உள்ள போனாரு?”

பெண்மணி ஒரு கணம் அவரை அளந்து பார்த்தார். பிறகு கதவை ஆட்டினார். “கீல் தளர்ந்திருக்கு. அப்பா உள்ள தூங்கிடுவாரு. குறட்டைன்னா குறட்டை. அந்த அதிர்ச்சியிலயே கீலெல்லாம் கழண்டுபோச்சு.”

“குறட்டையா? உறவுக்காரங்க வெளிய நின்னு இழுத்த இழுப்பு அது! சொந்தபந்தம் மொத்தமும் சேர்ந்து இழுத்தும் பிடுங்கிக்கிட்டு வராத கீலுங்க. இந்தக் காலத்துல கோட்டைக் கதவுக்குக்கூட இப்படிப் போடமாட்டாங்க.”

“தூங்கினாரு அண்ணே. கெட்ட கனவு வேற. அவர் தண்டிச்சவனெல்லாம் வரிசையா வந்து உட்கார்ந்து அவரை விசாரிக்கற மாதிரி கனவு. அலறிக்கிட்டு எந்திரிப்பாரு. அதுல மண்டை இடிச்சு மேல் பலகையில விரிசல்.”

“அந்த விரிசல் வழியாத்தான் அவருக்குக் காத்து வந்தது. காத்து வந்ததாலதான் உயிரோட இருந்தாரு. இருந்ததாலதான் நீங்க பிறந்தீங்க. உங்க பிறப்புக்கே காரணமான விரிசலுக்கா விலை குறைக்கச் சொல்றீங்க?”

மழை, கண்ணீர், கனவு, கண்ணால் காணாத நீதிபதி. கதவில் ஒட்டிய விதிகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. சரடு கவனிக்கவில்லை. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போன மைத்துனன் அப்படியே பிடரியில் சுமையோடு நின்று கேட்டான். பக்கத்துக் கடிகாரக்காரர் கண்ணில் மாட்டிய உருப்பெருக்கியோடு வாசலில் எட்டிப் பார்த்தார். மனைவி கல்லாவில் எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்தியிருந்தாள்.

பெண்மணி குரலை இறக்கினார்.

“உங்களுக்கு வெளிக்கதைதான் தெரியும் அண்ணே. உள்கதை வேற. எங்கம்மாவோட தம்பி ஒருத்தர் இருந்தாரு. கையாடல் பண்ணிட்டாரு. அந்த வழக்கு எங்கப்பா முன்னாலேயே வந்துடுச்சு. ‘என் தம்பியை விட்டுடுங்க’ன்னு அம்மா, ‘முடியாது’ன்னு அப்பா. தீர்ப்பு நாள் காலையில அப்பா வழக்கம்போல உள்ள போய் உட்கார்ந்தாரு. அம்மா வந்தாங்க. வெளிய இருந்து இந்தப் பூட்டைப் பூட்டிட்டாங்க.”

“பூட்டிட்டாங்களா!”

“பூட்டி, சாவியைக் கையில வச்சுக்கிட்டு, கதவுக்கு எதிர்ல நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாங்க.”

“அப்புறம்?”

பெண்மணி பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். “அப்புறம் உள்ளதெல்லாம் அலமாரியோட வரும். நான் சொல்ற விலைக்கு அலமாரி வந்தா, மீதிக்கதை உங்களுக்கு.” ஒரு விலையைச் சொன்னார். விறகுக்கடையில்கூட அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

சரடு மனைவியைப் பார்த்தார். மனைவி ‘வேண்டாம்’ என்று கண்ணாலேயே பூட்டுப் போட்டாள். அவருக்கும் தெரியாமலில்லை. ஆனால் உள்ளே ஒரு மனிதன் பூட்டிக் கிடக்கிறான், வெளியே ஒருத்தி சாவியோடு உட்கார்ந்திருக்கிறாள். அடுத்து என்ன என்று தெரியாமல் எப்படி நாளைக்குப் பல் விளக்குவது?

“எடுத்துக்குங்க” என்றார்.

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். பெண்மணி பணத்தை எடுத்து வைத்து, ரசீதை வாங்கிப் பைக்குள் பத்திரமாகப் போட்ட பிறகு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா நீதிமன்ற வாசலை மிதிச்சதே கிடையாது. நான் கல்யாண உடுப்பு வாடகைக்கு விடற கடை வச்சிருக்கேன். தரையில புரள்ற மாதிரி நீளமான உடுப்பு, தொங்கவிட உசரமான அலமாரி வேணும். என் பக்கத்து வீட்டுக்காரர் உங்ககிட்டக் கப்பல் நாற்காலி வாங்கினவரு. உங்களைப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஒரு நீதிபதியையே உண்டாக்கினவரு, கூட ஒரு மகளைத் தாங்க மாட்டாரான்னு வந்தேன்.”

“அப்ப... முடிவு?”

“எனக்கெப்படித் தெரியும்? உங்க நீதிபதி. நீங்கதான் சொல்லணும்.”

பிறத்தியார் தலையில் கட்டியே பழகிய சரடின் தலையில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு காலிப் பெட்டி வந்து உட்கார்ந்தது. மைத்துனன் வாய்விட்டுச் சிரித்தான். முக்காலி தன்னை நோக்கி நகர்ந்து வருவது அவன் கண்ணுக்கே தெரிந்தது.

பெண்மணி வண்டியும் ஆளும் கொண்டுவந்தார். மைத்துனனும் கை கொடுத்தான். அலமாரி மெல்லத் தெருப்பக்கம் நகர்ந்து, கடையின் ஒல்லிக் கழுத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. நேராக வைத்தார்கள், சாய்த்தார்கள், படுக்க வைத்தார்கள். கடிகாரக்காரரின் சுவர்மேல் இடித்ததில், அங்கே தொங்கிய கடிகாரங்கள் ஆளுக்கொரு மணி அடித்தன.

சரடு முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

“என்ன அண்ணே இது, வாசல் பத்தலையே!”

“அலமாரி உங்களோடது தங்கச்சி. வாசல் என்னோடது. வாசல் விலையில சேரலை.”

பெண்மணி இடுப்பில் கை வைத்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குத் தருகிற மரியாதை அது. “சரி, என்ன வேணும்?”

“முடிவு. நல்ல முடிவாச் சொல்லுங்க. இந்த வாசற்காலையே பேர்த்துத் தர்றேன்.”

“மூச்சு முட்டிச் செத்துட்டாரு.”

“அலமாரிக்குள்ள பிணம் விழுந்திருந்தா, அதுல தொங்கற கல்யாண உடுப்பை எவ போட்டுக்குவா? வேற சொல்லுங்க.”

பெண்மணி அவசரமாக உயிர் கொடுத்தார். “மனசு மாறி, தம்பியை விடுதலை பண்ணிட்டாரு.”

“இத்தனை நாள் அழுது, கனவு கண்டு, கடைசியில பொண்டாட்டிக்குப் பயந்தாரா? என் நீதிபதி அப்படிப்பட்டவர் இல்ல.”

“அப்ப அம்மாவே மனசு இளகித் திறந்துட்டாங்க.”

“எதுக்குப் பூட்டினாங்க, எதுக்குத் திறந்தாங்க? மலிவான சரக்கு. எடுத்துட்டுப் போங்க.”

இப்படியே இழுபறி நடந்தது. சுமைக்காரர்கள் அலமாரிமேல் சாய்ந்துகொண்டு ஆளுக்கொரு முடிவு சொல்லிப் பார்த்தார்கள். கடிகாரக்காரரும் ஒன்று சொன்னார்; அதில் நீதிபதி கடிகாரத்துக்குள் ஒளிந்தார். எதுவும் படியவில்லை. கடைசியில் கல்லாமேசை கிறீச்சிட்டது.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றாள் சரடின் மனைவி. எழுந்து வந்து, அலமாரியின் பின்பக்கம் போய், முதுகுப் பலகையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். பலகை கழன்று விழுந்தது. தெருவெளிச்சம் அலமாரியின் வயிற்றுக்குள் புகுந்து வெளியேறியது.

“இந்தப் பலகை எப்பவுமே ஆணி இல்லாம சும்மா சொருகினது. தூசி தட்டறவளுக்குத்தானே தெரியும்? இதைக் கழட்டிட்டா மீதியும் பாகம் பாகமா வரும். வாசலை இடிக்கப் போறாங்களாம், வாசலை!” புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். “நீதிபதியும் இப்படித்தான் போயிருப்பாரு. பின்பக்கமா. அந்தம்மா பூட்டினது காலி அலமாரியை.”

“ஐயோ பாவம், தெரியாமப் பூட்டிட்டாங்களா?” என்றார் உடுப்புக்கடைப் பெண்மணி.

“தெரியாமலா? அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு, உள்ள புருஷன் இருக்கானா, இல்லையான்னு தெரியாதா? அவரு போயிட்டாருன்னு தெரிஞ்ச பிறகுதான் பூட்டினா. கூடம் பூரா அவ பிறந்த வீட்டு ஜனம். நீதிமன்றம் கிளம்பறதுக்கு முன்னால தம்பியும் வந்து நிக்கறான். எல்லாரும் கேட்கற மாதிரி காலி அலமாரியைப் பார்த்துக் கத்தினா. ‘என் தம்பியை விட்டாத்தான் கதவு திறக்கும். சோறு கிடையாது, தண்ணி கிடையாது’ன்னு. அங்க அவரு பாட்டுக்கு நீதிமன்றத்துல உட்கார்ந்து தீர்ப்பு எழுதினாரு. தம்பிக்குத் தண்டனை. சாயங்காலம் ஜனங்களுக்கு விஷயம் தெரிஞ்சப்போ, ‘நான் என்ன செய்வேன், பூட்டியே வச்சேனே, ஏமாத்திட்டுப் போயிட்டாரே’ன்னு இவளும் சேர்ந்து அழுதா. புருஷன் நேர்மையும் கெடலை, பிறந்த வீட்டு வாசலும் அடைபடலை.”

சாய்ந்திருந்த சுமைக்காரர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். கடிகாரக்காரரின் கடிகாரங்கள்கூட அடித்து ஓய்ந்திருந்தன.

சரடு மனைவியைப் பார்த்தார். பிறகு மைத்துனனைப் பார்த்தார். அவன், அதற்குள் கழற்றியிருந்த அலமாரிக் கதவு ஒன்றைத் தோளில் தாங்கியபடி, வாய் பிளந்து கதை கேட்டுக்கொண்டிருந்தான். ‘முக்காலியில என் தம்பி உட்காருவான்’ என்று அன்றைக்கு அவனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அவள் கத்தியது சரடின் காதில் திரும்ப ஒலித்தது. கட்டிலை வேணுமா வேணாமா என்று விற்கிறவனிடமா இவள் கடையின் வாயைக் கொடுப்பாள்?

அவள் பக்கம் சாய்ந்து, “நீ என்னைப் பூட்டினியே... அதுவும் இப்படித்தானா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஆளைப் பாரு. மறந்து தொலையறதுக்குள்ள உட்கார்ந்து எழுதுங்க.”

எழுதும் மேசைமேல் அலமாரியின் மேல்பலகையைக் கழற்றி வைத்திருந்தார்கள். சரடு முக்காலியிலேயே உட்கார்ந்து, சாமான் சுற்றும் பழுப்புத்தாளை மடியில் விரித்தார். ‘பேய் மழை!’ என்று ஆச்சரியக்குறியோடு தொடங்கினார். சுற்றிலும் சுத்தியல் சத்தம், பெண்மணியின் “பார்த்துக் கழட்டுங்கப்பா, கீறல் விழப்போகுது!” என்ற கூச்சல், வண்டிக்காரனின் வசவு. அமைதி இல்லை, காத்திருப்பு இல்லை. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனார். தாள் தீர்ந்தபோது நாற்காலி சுற்றி வைத்திருந்ததை அவிழ்த்து அதில் எழுதினார். வண்டி கிளம்பியபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த விதித்தாளும் அப்படியே வண்டியேறி உடுப்புக்கடைக்குப் போய்விட்டது. அதைப் பற்றி இருதரப்பிலும் யாரும் விசாரிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. மாடி நிறைய நாற்காலி. மனைவி முன்வரிசை, பக்கத்தில் மைத்துனன், அதற்கு அந்தப் பக்கம் கூப்பிடாமலே வந்திருந்த உடுப்புக்கடைப் பெண்மணி. தன் அப்பாவுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வந்தேன் என்றார். மற்றவர்கள் வாசித்தபோது ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவர் ஜன்னல் அருகே நின்றார். அதற்குமேல் செய்ய விதியில் இடமில்லை. சரடு பழுப்புத்தாளைச் சடசடவென்று பிரித்து வாசித்தார். ‘பூட்டினாள்’ என்ற இடத்தில் தேநீர் குடிக்க நிறுத்தினார். கூட்டம் அடிக்க வந்துவிட்டது.

முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. பயிற்சியாளர் எழுந்தார். நீண்ட மௌனம்.

“மழை இருக்கு. கனவு இருக்கு. அடைமொழிக்குக் கணக்கே இல்லை. ஆச்சரியக்குறி...” கண்ணாடியைக் கழற்றினார். “எல்லா விதியையும் மீறியிருக்கீங்க.” கூட்டத்தின் முகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவருக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியாதா? “இதைத்தான் நான் இவ்வளவு நாளா எதிர்பார்த்தேன். அடுத்த மாசம் ‘விதிகளை மீறுவது எப்படி’ன்னு தனி வகுப்பு தொடங்கறேன். மீறுவதுக்கும் விதிகள் இருக்கு. கையேடு கீழே கிடைக்கும்.”

சரடு தொழில் மரியாதையோடு அவரைக் கும்பிட்டார். இதுவரை அவர் சந்தித்த வியாபாரிகளில் இத்தனை சீக்கிரம் சரக்கை மாற்றியவர் யாருமில்லை.

படியிறங்கும்போது மைத்துனன் அக்காவின் பின்னாலேயே வந்தான். நெற்றி சுருங்கியிருந்தது. ஏதோ ஒன்று அவனுக்குள் நகர்ந்துகொண்டிருந்தது, அலமாரியைப் போல, மெதுவாக.

“அக்கா, அந்தம்மாவோட தம்பி அப்புறம் என்ன ஆனான்?”

“தண்டனை முடிஞ்சு வந்தான். அக்கா வீட்டுலயே வேலை போட்டுக் கொடுத்தாங்க.”

“என்ன வேலை?”

“தூக்கற வேலைதான்” என்றாள் அவள். “நாளைக்கு அந்த உடுப்புக்கடைக்குப் போய் அலமாரியைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துட்டு வா. பின்பலகைக்கு மட்டும் ஆணி அடிக்காதே.”